வல்லிபுரத்துப் பொன்னேடும் நாங்கள் கைவிட்ட பௌத்தமும்

 

இது கொஞ்சம் நீளமான பதிவு. இப்ப நேரம் இல்லாதவர்கள் சேமித்து வைத்துவிட்டு இரவு ஆறுதலாக வாசியுங்கள்.

ஒவ்வொரு வெசாக்குக்கும் எங்கள் ஊர்க் குழுமங்களில் ஒரே சண்டைதான் நடக்கிறது. யாழ்ப்பாணத்தில் பௌத்தம் ஒருநாளும் இருந்ததில்லை, எல்லாம் இராணுவம் கொண்டுவந்து வைத்தது என்று ஒரு பக்கம் எழுதுகிறார்கள். வடக்கு முழுவதும் சிங்கள பௌத்த பூமி, தமிழர் பிறகு வந்து பிடித்துக்கொண்டார்கள் என்று மறுபக்கம் எழுதுகிறார்கள். இரண்டு பேரும் மற்றவருக்குப் பதில் சொல்வதாக நினைக்கிறார்கள். ஆனால் பௌத்தம் என்றால் சிங்களவர் சொத்து என்ற ஒரே நம்பிக்கையில்தான் இரண்டு பேரும் நிற்கிறார்கள். அது பிழை என்று காட்டும் சான்று தூரத்தில் இல்லை. பருத்தித்துறைச் சந்தையிலிருந்து சைக்கிள் மிதித்துப் போய்வரக்கூடிய வல்லிபுரத்தில் இருக்கிறது, இல்லை, இருந்தது.

வல்லிபுர ஆழ்வார் கோயிலைத் தெரியாதவர் வடமராட்சியில் இல்லை. புரட்டாதித் திருவிழாவும் கடல் தீர்த்தமும் எல்லோருக்கும் தெரியும். என் மார்க்கம் வேறாக இருந்தாலும் அந்த மணலில் கால் புதைய நடந்தவன்தான் நானும். 1936ஆம் ஆண்டு அந்தக் கோயிலுக்குச் சொந்தமான காணியில், ஒரு பழைய கட்டடத்தின் அத்திவாரத்துக்குக் கீழிருந்து சின்னப் பொன்தகடு ஒன்று கிடைத்தது. அதில் பிராமி எழுத்தில் நான்கு வரி. செனரத் பரணவிதான அதை வாசித்து வெளியிட்டார். விஷயம் இதுதான்: வஹ என்ற மகாராசாவின் காலத்தில், இசிகிராய என்ற அமைச்சர் நாகதீவை ஆண்டுகொண்டிருந்தபோது, படகர என்ற இடத்தில் பியகுகதிஸ்ஸ விகாரை கட்டப்பட்டது. வஹ என்பது அநுராதபுரத்தில் கி.பி. 67 முதல் 111 வரை ஆண்ட வசபன் என்பது பரணவிதானவின் முடிவு. அப்படியென்றால் ஏறக்குறைய 1900 வருடத்துக்கு முந்திய ஏடு.

இந்த நான்கு வரியில் பல விஷயங்கள் இருக்கின்றன. முதலாவது, நாகதீவு. மகாவம்சத்தில் வரும் நாகதீபம் என்பது நயினாதீவு மட்டும்தான் என்று பலர் நினைத்திருந்தார்கள். வல்லிபுரத்தில் கிடைத்த ஏடு நாகதீவை ஓர் அமைச்சர் ஆண்டதாகச் சொல்வதால், அந்தப் பெயர் யாழ்ப்பாணக் குடாநாடு முழுவதையும் குறித்திருக்கிறது என்று தெரிந்தது. இரண்டாவது, அந்த மொழி. பரணவிதான அதைப் பழைய சிங்களமாக வாசித்தார். பேராசிரியர் ஆ. வேலுப்பிள்ளை அதை மறுத்து, அது பிராகிருதம், அதற்குள் தமிழின் சாயல் இருக்கிறது என்று எழுதினார். படகர என்பதை வடகரை என்று வாசிப்பவர்களும் இருக்கிறார்கள். வடக்குக் கரையில் இருக்கிற எங்களுக்கு அந்த வாசிப்பு இனிக்கத்தான் செய்யும், அதனாலேயே கொஞ்சம் கவனமாக இருப்பது நல்லது.

என்னுடைய அபிப்பிராயம், அன்றைக்கு எழுதியவரிடம் போய் "நீங்கள் சிங்களவரா தமிழரா" என்று கேட்டிருந்தால் அவருக்குக் கேள்வியே விளங்கியிராது. இன்றைக்கு நாங்கள் போட்டுக்கொண்டிருக்கும் சட்டையை அவருக்கு அளவு பார்க்கிறோம்.

ஏடு கிடைப்பதற்கு முன்னமே அதே வல்லிபுரத்தில் ஒரு புத்தர் சிலையும் கிடைத்தது. சுண்ணக்கல்லில், ஆந்திரத்து அமராவதிப் பாணியில் செய்தது. யாழ்ப்பாணம் பழைய பூங்காவில் கொஞ்சக் காலம் கிடந்தது. 1906இல் தேசாதிபதி ஹென்றி பிளேக் அதைச் சீயத்து மன்னருக்கு அன்பளிப்பாகக் கொடுத்துவிட்டார். வல்லிபுரத்துப் புத்தர் இன்றைக்கு எங்கே என்று யாராவது கேட்டால் தாய்லாந்தைத்தான் காட்ட வேண்டும். அந்த நேரம் யாழ்ப்பாணத்தில் அதை எங்களுடையது, கொடுக்காதே என்று மறித்து நிற்க ஆள் இருக்கவில்லை என்பதுதான் எனக்கு மனதில் நிற்கிறது. சைவர் ஏன் கேட்கப் போகிறார், கிறிஸ்தவர் ஏன் கேட்கப் போகிறார், நாங்கள் ஏன் கேட்கப் போகிறோம்? உரிமை கோர ஆளில்லாத சரித்திரம் அது.

கந்தரோடை இதைவிடப் பிரபலம். போல் ஈ. பீரிஸ் 1917ஐ அண்டிய வருடங்களில் அங்கே தோண்டி, யாழ்ப்பாணத்துப் பௌத்தச் சின்னங்களைப் பற்றி எழுதினார். 1970இல் பென்சில்வேனியாப் பல்கலைக்கழக அருங்காட்சியகத்தார் வந்து இன்னும் ஆழமாகத் தோண்டினார்கள். சின்னச் சின்னத் தூபிகள் கூட்டமாக நிற்கிற அந்த இடத்தை இப்ப பஸ்களில் வந்து பார்த்துவிட்டுப் போகிறார்கள். தெற்கிலிருந்து வருகிறவர்களுக்கு அது கதுருகொட விகாரை. எங்கள் பிள்ளைகளில் எத்தனை பேர் உள்ளே போய்ப் பார்த்திருக்கிறார்கள்? வாசலில் நிற்கும் சீருடையைக் கண்டதும் அது எங்கட இடமில்லை என்று முடிவெடுத்து விடுகிறோம். அதே கந்தரோடையில், தூபிகளுக்கும் முந்திய மண்ணில், தென்னிந்தியப் பெருங்கற்காலத்துக்கே உரிய கறுப்பு-சிவப்பு மட்பாண்டம் வந்திருக்கிறது. பௌத்தம் இங்கே வெறும் காட்டுக்குள் வந்து இறங்கவில்லை, இங்கே ஏற்கனவே வாழ்ந்துகொண்டிருந்த மக்களிடம்தான் வந்தது.

அந்த மக்களுடைய பௌத்தம் எப்படி இருந்திருக்கும் என்று தெரியவேண்டுமானால் எங்கள் கையில் மணிமேகலை இருக்கிறது. சாத்தனார் எழுதியது. ஐம்பெருங்காப்பியத்தில் ஒன்று என்று மனப்பாடம் செய்து பரீட்சையில் எழுதிவிட்டு மறந்து போகிறோம். அது முழுக்க முழுக்கப் பௌத்தக் காப்பியம், அதுவும் தமிழில். மணிபல்லவத் தீவு நயினாதீவுதான் என்று பல அறிஞர்கள் கருதுகிறார்கள். குண்டலகேசியும் பௌத்த நூல்தான், முழுதாகக் கிடைக்கவில்லை. இலக்கணம் படிப்பவர்களுக்குத் தெரிந்த வீரசோழியத்தை எழுதிய புத்தமித்திரனும் பௌத்தர். தேரவாதிகள் இன்றும் தலையில் வைத்துப் போற்றும் பாளி உரையாசிரியர்களில் ஒருவரான புத்ததத்தர் சோழநாட்டு உறையூரைச் சேர்ந்தவர். திருகோணமலைக்குப் பக்கத்தில் வெல்கம் விகாரைக்கு இராசராசப் பெரும்பள்ளி என்று சோழர் காலத்தில் பெயர். அங்கே விளக்கெரிக்கத் தானம் கொடுத்தவர்களின் பெயர்கள் தமிழில் கல்லில் வெட்டிக் கிடக்கின்றன. அநுராதபுரத்தில் தமிழ் வணிகர்கள் சேர்ந்து கட்டிய மேடையின் பிராமிக் கல்வெட்டும் உண்டு. இவ்வளவையும் வைத்துக்கொண்டு தமிழ்ப் பௌத்தம் என்று ஒன்று இருந்ததா என்று கேட்பது, கடலுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு உப்பு இருக்கிறதா என்று கேட்பதுபோல.

இனி நான் உண்மையில் சொல்ல வந்த கதைக்கு வருகிறேன். மகாவம்சத்திலும் இருக்கிறது, மணிமேகலையிலும் இருக்கிறது. ஒன்று பாளி, மற்றது தமிழ். இரண்டும் ஒரே கதையைச் சொல்லும் இடங்கள் அதிகமில்லை, இது அதில் ஒன்று.

நாகதீவில் இரண்டு நாக அரசர்கள். மகாவம்சம் மகோதரன், சூலோதரன் என்று பெயர் சொல்கிறது. மாமனும் மருமகனும். ஒரு மணி ஆசனத்துக்காகச் சண்டை. இது என்னுடையது என்று ஒருவர், இல்லை என்னுடையது என்று மற்றவர். படைகளோடு வந்து நிற்கிறார்கள். புத்தர் அங்கே வருகிறார். யார் முதலில் வைத்திருந்தது, யாருடைய தாய்வழி, யாரிடம் உறுதி இருக்கிறது என்று அவர் விசாரிக்கவில்லை. சண்டையால் வரும் கேட்டைச் சொல்கிறார். கடைசியில் இரண்டு பேரும் ஆசனத்தை விட்டுவிட்டு அதை அவருக்கே கொடுத்து விடுகிறார்கள். மணிமேகலையில் அந்தப் பீடம்தான் அவளுக்குப் பழம்பிறப்பை உணர்த்துகிறது.

இதை நடந்த சம்பவம் என்று நான் சொல்லவில்லை. அது நம்புகிறவர்களின் விஷயம். ஆனால் யாழ்ப்பாணத்தைப் பற்றி எழுதப்பட்ட ஆகப் பழைய கதைகளில் ஒன்று, இருக்கைக்காக, இடத்துக்காக, உறவினர் இருவர் அடிபட்ட கதை என்பதைக் கவனியுங்கள். இன்றைக்கு அந்தப் புத்தரின் பெயராலேயே இடத்துக்காக அடிபடுகிறோம். தையிட்டியில் தனியார் காணியில் விகாரை எழும்பியது. ஒவ்வொரு போயாவுக்கும் காணிக்காரர்கள் வாசலில் வந்து நிற்கிறார்கள். குருந்தூர் மலையில் நீதிமன்றம் நிறுத்தச் சொன்ன பிறகும் வேலை நடந்தது என்று வழக்கு. புத்தர் சொன்ன துக்கத்துக்குக் காரணம் பற்று. எனது, எங்களது என்று பிடித்துக்கொள்வது. அந்தப் போதனைக்குச் சிலை வைப்பதற்காக இன்னொருவரின் காணியைப் பிடிப்பதை அவருடைய சீடர்களுக்கு யார் விளங்கப்படுத்துவது என்று எனக்குத் தெரியவில்லை. அது அவர்களுடைய பிக்குமாரின் வேலை. சில பிக்குமார் அதைச் செய்யவும் செய்கிறார்கள், அவர்களைத் தொலைக்காட்சி காட்டுவதில்லை.

மணிமேகலையின் மற்றப் பாதி சோறு. அமுதசுரபி. அதை முதலில் வைத்திருந்த ஆபுத்திரன், ஆளில்லாத தீவில் தனியே விடப்பட்டபோது, கொடுக்க ஆளில்லாத பாத்திரம் எனக்கு மட்டும் எதற்கு என்று அதைக் கோமுகிப் பொய்கையில் விட்டுவிட்டுப் பட்டினி கிடந்து உயிர் விட்டான். அதை எடுத்துக்கொண்டு போன மணிமேகலை சிறைச்சாலையையே அறச்சாலையாக மாற்ற வைக்கிறாள். தத்துவம் எல்லாம் பிறகு, முதலில் பசி. 2022இல் மாவும் பாலும் எரிவாயுவும் இல்லாமல் வரிசையில் நின்றோமே, அந்த மாதங்களில் வகுப்பில் இந்தப் பாடம் படிப்பித்தபோது பிள்ளைகள் இருந்த அமைதி வேறு. யானைத்தீ என்ற தீராப் பசி நோய் வந்த காயசண்டிகையைப் பற்றிச் சொல்லும்போது ஒருவரும் சிரிக்கவில்லை. இப்தாருக்குக் கஞ்சி காய்ச்சி அயலுக்கும் கொடுக்கும் எங்களுக்கும் அன்னதான மடம் நடத்தும் சைவருக்கும் இதை விளங்கப்படுத்த வேண்டியதில்லை. தன்சலும் அதே சோறுதான்.

நயினாதீவைப் பற்றி இன்னொன்று. நாகபூஷணி அம்மன் கோயிலில் ஒரு தமிழ்க் கல்வெட்டு இருக்கிறது. 12ஆம் நூற்றாண்டில் ஆண்ட பராக்கிரமபாகுவின் ஆணை. பௌத்த அரசன், பொலன்னறுவையில் இருந்து ஆண்டவன், இங்கே தமிழில் ஆணை வெட்டுவிக்கிறான். ஊறாத்துறையில், அதாவது இன்றைய ஊர்காவற்றுறையில், பரதேசிகள் வந்து தங்கலாம், அவர்களுக்குப் பாதுகாப்பு உண்டு. யானை, குதிரை கொண்டுவந்த கப்பல் உடைந்தால் நாலில் ஒரு பங்கு அரசுக்கு, மூன்று பங்கு உடையவனுக்கு. வேறு சரக்கு என்றால் பாதிக்குப் பாதி. கப்பல் உடைந்து கரையொதுங்கிய அந்நியனின் பொருளை முழுக்க எடுத்துக்கொள்ளாமல் விடுவதற்குச் சட்டம் போட்டிருக்கிறார்கள். அரசன் பௌத்தன், கல் நிற்பது அம்மன் கோயிலில், மொழி தமிழ், பயன் அடைந்தவர்கள் எந்தெந்த மதத்துக்காரரோ! வணிகச் சமூகத்தில் வந்தவன் என்ற முறையில் அந்தக் கல்லில் எனக்குத் தனி விருப்பம் உண்டு.

இதே மாதிரி காலியில் 1911இல் கிடைத்த மும்மொழிக் கல்லையும் சொல்லவேண்டும். 1409ஆம் ஆண்டுத் தேதியிட்டது. கொண்டுவந்தவர் சீனத்துக் கடற்படைத் தலைவர் செங் ஹ, அவர் பிறப்பால் முஸ்லிம். சீன மொழிப் பகுதி புத்தருக்கு, தமிழ்ப் பகுதி தேவுந்துறையில் இருந்த தென்னாவர நாயனாருக்கு, பாரசீகப் பகுதி இஸ்லாத்துக்கு. காணிக்கைப் பட்டியலும் கிட்டத்தட்ட ஒரே அளவு. செங் ஹ ஒன்றும் ஞானி அல்ல, படையோடு வந்தவர், பிறகு இங்கே சண்டையும் பிடித்தவர். வியாபாரம் ஓடவேண்டுமென்றால் எல்லோரையும் மதிக்க வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது, அவ்வளவுதான். அந்த அளவாவது எங்களுக்கு இருந்தால் காணும்.

பௌத்தத்தின் இன்னொரு முகத்தைப் பற்றி எங்கள் ஊரில் பேசுவது குறைவு. சாதி. தமிழ்நாட்டில் அயோத்திதாசப் பண்டிதர், ஒடுக்கப்பட்ட மக்கள் ஒரு காலத்தில் பௌத்தர்களாக இருந்தவர்களே என்று சொல்லி, 1898இல் கொழும்புக்கு வந்து ஹிக்கடுவே சுமங்கல தேரரிடம் பஞ்சசீலம் ஏற்றுக்கொண்டு போனார். 1907இல் பத்திரிகை தொடங்கினார். அம்பேத்கர் 1956 ஒக்டோபரில் நாக்பூரில் இலட்சக்கணக்கானவர்களோடு பௌத்தம் தழுவுவதற்கு அரை நூற்றாண்டு முந்திய கதை இது. யாழ்ப்பாணத்திலும் 1950, 60களில், சைவப் பாடசாலையிலும் மிஷன் பாடசாலையிலும் சரிசமமாக இருக்க இடம் கிடைக்காத பிள்ளைகளுக்காகப் பௌத்த பாடசாலைகள் சில திறக்கப்பட்டன. புத்தூர்ப் பக்கத்தில் இதை நினைவு வைத்திருக்கும் முதியவர்கள் இன்னும் இருப்பார்கள். அதற்குப் பின்னால் தெற்கின் அரசியல் இருந்தது என்று சொல்வார்கள். இருந்திருக்கலாம். ஆனால் பிள்ளையை வாங்கில் ஏற்றாமல் நிலத்தில் இருத்தியது தெற்கின் அரசியல் அல்ல. 1968இல் மாவிட்டபுரம் வாசலில் ஆட்கள் அடிபட்டது எதற்காக என்பதையும் நாங்கள் மறக்கக் கூடாது.

தெற்கிலும் இந்த முகம் இருந்தது. ஏ. ரி. ஆரியரத்ன கொழும்பு நாலந்தாக் கல்லூரியில் ஓர் ஆசிரியர். 1958 டிசம்பரில் தன் மாணவர்களைக் கூட்டிக்கொண்டு, சாதியால் ஒதுக்கப்பட்ட மக்கள் வாழ்ந்த கனத்தொலுவக் கிராமத்துக்குப் போய், அவர்களோடு தங்கி, மண்வெட்டி பிடித்து வேலை செய்தார். சர்வோதயம் அப்படித்தான் தொடங்கியது. மைத்திரி, கருணை என்பதைப் புத்தகத்தில் இருந்து வீதிக்குக் கொண்டுவந்த ஆள். ஆசிரியராக இருக்கும் ஒருவர் என்ன செய்யலாம் என்று யாராவது கேட்டால் நான் அவரைத்தான் காட்டுவேன். 1958 மே மாதம்தான் இந்த நாட்டில் தமிழருக்கு எதிரான பெரிய கலவரம் நடந்தது என்பதையும் சேர்த்துப் பாருங்கள். ஒரே வருடம், ஒரே மதம்.

ஆக, பௌத்தம் நல்லதா கெட்டதா என்ற கேள்வியில் எனக்கு அக்கறை இல்லை. எனக்கு என் மார்க்கம் இருக்கிறது, அதில் எனக்கு நிறைவும் இருக்கிறது. 1972 யாப்பு பௌத்தத்துக்கு முதன்மை இடம் கொடுத்தது, 1978 யாப்பின் 9ஆம் உறுப்புரையும் அதைத் தொடர்கிறது. அந்த முதன்மை எங்களுக்கு எப்படி வந்து சேர்ந்தது என்று அளுத்கமவிலும் திகனவிலும் எங்கள் சனம் கண்டிருக்கிறது. பலாங்கொடைக்குப் பக்கத்தில் கூரகலயில், நாங்கள் ஜெய்லானி என்று சொல்லும் இடத்தில், தொல்பொருள் என்ற பெயரில் என்ன நடந்தது என்றும் தெரியும். 2020இல் கிழக்குக்குத் தொல்பொருள் செயலணி அமைத்தபோது, தமிழரும் முஸ்லிம்களும் பெரும்பான்மையாக வாழும் மாகாணத்துக்கு அவர்களில் ஒருவரையும் நியமிக்காமலே தொடங்கினார்கள். ஆகவே, கிணறு வெட்டும்போது பழைய செங்கல் தட்டுப்பட்டால் வாய் திறக்காமல் மூடிவிடு என்று எங்கள் சனம் சொல்வது விசர்க் கதை இல்லை. அந்தப் பயத்துக்குக் காரணம் இருக்கிறது.

ஆனால் அந்தப் பயத்துக்கு நாங்கள் கொடுக்கும் விலையையும் பார்க்க வேண்டும். மூடிய செங்கல்லோடு சேர்ந்து மூடப்படுவது எங்களுடைய சான்றும்தான். பேராசிரியர் கா. இந்திரபாலாவை எடுத்துக்கொள்ளுங்கள். 1965இல் தன் ஆய்வில் இலங்கையில் தமிழ்க் குடியேற்றம் பிந்தியது என்று எழுதினார். தெற்கில் அதை இன்றும் தூக்கிக் காட்டுகிறார்கள். பிறகு 1980இல் ஆனைக்கோட்டையில் அவரது குழு தோண்டியபோது பிராமி எழுத்துப் பொறித்த முத்திரை ஒன்று பெருங்கற்கால அடக்கத்தோடு வந்தது. பொ. இரகுபதி குடாநாடு முழுவதும் அலைந்து ஆய்வு செய்து 1987இல் புத்தகமாகத் தந்தார், அதில் வல்லிபுரமும் உண்டு. 2005இல் இந்திரபாலா புது நூல் எழுதி, தன் பழைய முடிவைத் தானே திருத்தினார். சிங்களவர், தமிழர் என்ற இரண்டு அடையாளமும் இந்தத் தீவிலேயே, இங்கே வாழ்ந்த மக்களிடமிருந்தே மெல்ல மெல்ல உருவானவை என்றார். மண்ணில் இருந்து பொருள் வெளியே வந்ததால்தான் அவரால் அது முடிந்தது.

புத்தர் காலாமர் என்ற மக்களுக்குச் சொன்னதாக ஒரு உபதேசம் உண்டு. கேள்விப்பட்டோம் என்பதற்காகவோ, பரம்பரையாக வருகிறது என்பதற்காகவோ, சொன்னவர் எங்கள் குரு என்பதற்காகவோ ஒன்றை ஏற்க வேண்டாம், அதனால் நன்மையா தீமையா என்று நீங்களே பார்த்து அறிந்து ஏற்றுக்கொள்ளுங்கள் என்பது அதன் சாரம். வட்ஸ்அப்பில் வருவதை அப்படியே அனுப்பும் இந்தக் காலத்துக்கு இதைவிடப் பொருத்தமான சரித்திரப் பாடம் எனக்குத் தெரியாது. பத்தாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு முதல் நாளே இதைச் சொல்லித்தான் புத்தகத்தைத் திறக்க வைக்கிறேன். பாடப் புத்தகத்துக்கும் இது பொருந்தும் என்று சேர்த்துச் சொல்வேன்.

யார் முதலில் வந்தவர் என்ற கணக்கு எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு 1990 ஒக்டோபரைவிட வேறு சான்று தேவையில்லை. நூற்றாண்டுகளாக இங்கே வாழ்ந்த வடமாகாண முஸ்லிம்கள், ஏறக்குறைய 75,000 பேர், சில நாட்களுக்குள் வெளியேற்றப்பட்டார்கள். யாழ்ப்பாண நகரில் அந்த அவகாசம் சில மணித்தியாலம்தான். அன்றைக்கு எங்களிடம் உறுதியும் இருந்தது, பள்ளிவாசலும் இருந்தது, மையவாடியும் இருந்தது. பழமையை நிரூபித்தவனுக்கு மட்டும்தான் வாழ உரிமை என்று ஒரு சமூகம் ஒத்துக்கொண்டால் அந்தத் தராசு நாளைக்கு யார் கைக்கும் போகும். தையிட்டிக் காணிக்காரர் தங்கள் காணியைக் கேட்பதற்கு அங்கே பழைய காலத்தில் விகாரை இருந்ததா இல்லையா என்று நிரூபிக்க வேண்டியதில்லை. உறுதி போதும். அதேபோல, வல்லிபுரத்தில் விகாரை இருந்தது என்று ஒத்துக்கொள்வதால் ஆழ்வாருக்கு ஒரு குறையும் வராது.

இனி ஒரு வேண்டுகோள். வல்லிபுரம், மணற்காடு, குடத்தனைப் பக்கங்களில் மணல் அள்ளப்படுவது உங்களுக்குத் தெரியும். அந்த மணலுக்குள் ஓட்டுத்துண்டு, பழைய காசு, மணி எல்லாம் வரும். உள்ளே கறுப்பும் வெளியே சிவப்புமாக இருக்கும் ஓடு கண்டால் வீசிவிடாதீர்கள். கிடந்த இடத்திலேயே பக்கத்தில் ஒரு பேனையை வைத்துப் படம் எடுங்கள், அளவு தெரியும். எந்த ஒழுங்கை, எந்தக் காணி, எவ்வளவு ஆழம் என்று எழுதி வையுங்கள். யாழ்ப்பாணப் பல்கலைக்கழக வரலாற்றுத்துறையில் தொல்லியல் படிக்கும் பிள்ளைகள் எங்கள் ஊரிலேயே இருக்கிறார்கள், அவர்களிடம் காட்டுங்கள். உங்கள் தாத்தாமார், அப்பப்பாமார் வல்லிபுரத்து மணலில் கண்டெடுத்ததாகச் சொன்ன கதை ஏதும் இருந்தால் கீழே எழுதுங்கள். யாருடையது என்று சண்டை பிடிக்காமல் எங்கே கிடைத்தது என்று மட்டும் எழுதினால் எனக்குப் பெரிய உதவி.